ஆடி மாசத்தில் ஒரு ரெகே செட்டு: வேலூரிலிருந்து ஆற்காடு வரை ஐந்து நாள்

முதல் நாள், வேலூர்

ரெகே என்ற இசை பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில். ஆனால் ரெகேவுக்கு முன்பே, 1940-களின் கடைசியிலிருந்தே, அந்த ஊர்த் தெருக்களில் பெட்டி அடுக்கி இசைத்தட்டு போட்டு ஜனங்களை ஆடவைக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதை அவர்கள் சவுண்ட் சிஸ்டம் என்கிறார்கள். ஸ்கா என்ற இசை போய் ராக்ஸ்டெடி வந்தது, 1968 வாக்கில் ரெகே வந்தது. பாட்டு மாறியதே தவிர பெட்டி போகவில்லை. வேலூர்க்காரருக்கு இதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டாம். நம்ம மைக் செட்டுதான் அது. பேர் எழுதிய வண்டி, பேர் எழுதிய பெட்டி, யார் செட்டு பெரிசு என்ற வீம்பு, எல்லாம் ஒன்றுதான். இங்கே பாட்டு அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும். அங்கே பாட்டு நெஞ்சுக்கூட்டில் இடிக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவே.

அதனால் குழாய் ஸ்பீக்கர் ரெகேவுக்கு ஆகாது. தென்னை மரத்தில் கட்டும் குழாயில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 300 அதிர்வு) கீழே ஒன்றும் உருப்படியாக வராது. கீழ் ஸ்வரங்கள் வாசிக்கும் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்த கம்பி 55. குழாயில் போட்டால் பாட்டுக்காரர் இருப்பார், பாட்டு இருக்காது.

லாங்கு பஜாரில் திருகும் பசையும் வாங்கி, மரக்கடையில் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் எடுத்துப் பெட்டி அடிக்கும் நாள் இது. பிரிட்டனில் உள்ள ரெகே செட்டுகளில் அதிகம் பார்க்கும் 'ஸ்கூப்' என்ற பெட்டி. 18 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஸ்பீக்கரில் அதிரும் தாளான கோனின் முன்பக்கச் சத்தம் நேராக வெளியே வரும். பின்பக்கச் சத்தம் உள்ளே மடித்த பாதையில் வளைந்து, விரிந்துகொண்டே வந்து, கீழ்வாயில் வெளியேறும். எட்டடிக்கு நாலடி பிளைவுட் தாள் ஒரு பெட்டிக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அடித்து முடித்தால் எழுபது எண்பது கிலோ வரும்.

பெட்டியின் உயிர் அந்த உள்பாதையின் நீளத்தில் இருக்கிறது. 35 டிகிரி வெயிலில் சத்தம் நொடிக்கு 352 மீட்டர் போகும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டர், அதில் கால்வாசியான 1.76 மீட்டர்தான் பாதையின் நீளம். ஆசாரி, 'வாசல்ல நுழையாது சார்' என்று பாதையில் அரை அடி குறைத்தால் அந்த 50 ஏறி 55 ஆகிவிடும். பார்வைக்குப் பெட்டி அதே பெட்டி, அடித்தால் மட்டும் கீழ் ஸ்வரங்கள் தொண்டை கட்டினாற்போல இருக்கும். வாசலை அளந்துவிட்டுப் பெட்டியை முடிவு செய்யுங்கள். பெட்டி அடித்த பிறகு வாசலை அளக்காதீர்கள்.

திருகு 15 சென்டிமீட்டருக்கு ஒன்று, முதலில் சின்னத் துளை போட்டபின். துளை போடாமல் முறுக்கினால் பிளையின் ஓரம் பிளந்து வாய் திறக்கும், அங்கே காற்று ஒழுகும். ஒழுகலைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். 40 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை இணைப்பு ஓரமாகக் கொண்டுபோங்கள். புகை நேராக ஏறினால் சரி. துடித்தால் அந்த இடத்தில் பசை. இன்று இரண்டாவது பெட்டியின் கைப்பிடிக்குப் பக்கத்தில் புகை துடித்தது. உள்ளே திருகு மறை கழன்று சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள், குடியாத்தம் பக்கம்

ஆடி மாசம். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், கோயிலுக்குக் கோயில் பம்பையும் சிலம்பும். மைக் செட்டு ஆட்கள் யாருக்கும் தூக்கம் இல்லை, யார் வண்டியும் காலியாக இல்லை. சாமானை ஏற்றக் குட்டி யானை கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் ரெகேவின் தாளத்தை இங்கே விளக்க இதைவிட நல்ல மாசம் கிடையாது, ஏனென்றால் அடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் தெருவில்தான் இருக்கிறார்கள்.

ரெகேவின் அடிப்படைத் தாளம் 'ஒன் டிராப்'. ரெகே பாடகர் பாப் மார்லியின் குழுவில் டிரம்ஸ் வாசித்த கார்ல்டன் பேரெட் இதற்குப் பேர்போனவர். பெயரிலேயே சேதி இருக்கிறது: ஒன்றாம் அடியைக் கீழே போட்டுவிடு. நாலு அடியில் முதல் அடி காலி, மூன்றாம் அடியில் டிரம்மின் கால்மிதியும் குறுக்குக்குச்சியும் சேர்ந்து விழும். இரண்டிலும் நாலிலும் கிட்டார் 'சக்' என்று வெட்டும். அந்த வெட்டுக்கு 'ஸ்காங்க்' என்று பெயர்.

ஊரில் கைதேர்ந்த மேளக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் வரும் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: 'இன்னா தம்பி, மொத அடியே இல்லியே, அப்றம் எங்க வந்து சேர்றது?' நியாயமான கேள்வி. நம் கை சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், விழுந்தே பழகியது. சுற்று முடியும்போது கனமாக ஒன்று வைக்காவிட்டால் ஏதோ கடன் பாக்கி நிற்பதுபோலக் கை துறுதுறுக்கும். இங்கே ரெகே கெடுவது பெரும்பாலும் அந்த ஒரே அடியால்தான்.

'ஒன், டூ' என்று எண்ணவைப்பதைவிட ஆதி தாளம் போடவைப்பது சுலபம். நிமிடத்துக்கு 150 எண்ணிக்கை வேகத்தில் எட்டு எண்ணுங்கள். ஒன்றில் உள்ளங்கைத் தட்டு: காலி. இரண்டில் சுண்டுவிரல்: கிட்டார் சக். மூன்றில் மோதிர விரல்: டிராப், கனமான அடி. நாலில் நடுவிரல்: சக். ஐந்தில் தட்டு: மறுபடி காலி. ஆறில் வீச்சு: சக். ஏழில் தட்டு: டிராப். எட்டில் வீச்சு: சக். பாட்டுக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு எடுப்பு என்றால் தெரியும். சமம் தாண்டிப் பாட்டு தொடங்குவது புதிதல்ல. இங்கே பாட்டு மட்டுமல்ல, மேளமே சமத்தைத் தாண்டி நிற்கிறது என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த சிக்கல் நடை. பறையிலும் பம்பையிலும் கொண்டாட்ட அடிகள் பலவும் 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக ஓடும். ரெகே நாலு என்று கிட்டார்க்காரர் ஒருவர் அடம்பிடித்து, பறைக்காரரை நேர் நடையில் வாசிக்கச் சொன்னார். சப்பென்று இருந்தது. பழைய ஒன் டிராப் பாட்டுகள் நிறைய அசைந்து ஓடும், உள்ளே மூன்றாகவே பிரியும் என்பதை அவர் கவனிக்கவில்லை. பறையின் வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். நிமிடத்துக்கு 75 'தகிட'. ஒவ்வொரு தகிடவிலும் 'ட' விழும் இடத்தில் கிட்டார் சக். இரண்டாம் தகிடவின் 'த'விலும் நாலாம் தகிடவின் 'த'விலும் டிராப். இப்படி வைத்தால் பறைக்காரர் தன் அடியை மாற்றவே வேண்டாம், கனத்தை மட்டும் இடம் மாற்றினால் போதும். மற்றபடி பறையின் மெல்லிய குச்சியான சிண்டுக்குச்சி அதன்போக்கில் பேசலாம். ஜமைக்காவின் ராஸ்தஃபாரி சமயத்தார் அடிக்கும் நயபிங்கி மேளத்தில் மூன்று தோல் வாத்தியங்கள்: ஒன்று கனமாக இடிக்கும், ஃபண்டே இதயத் துடிப்புபோல ஒரே சீராக நிற்கும், ரிப்பீட்டர் அதன்மேல் பேசும். அடிக்குச்சி ஃபண்டேவாக நிற்க, சிண்டுக்குச்சி ரிப்பீட்டராகப் பேச, ஒரே பறையில் இரண்டு வேலையும் நடக்கிறது.

ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் கீபோர்டில் 'ரெகே' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். கால்மிதி ஒன்றாம் அடியில் விழுகிறதா என்று பாருங்கள்; விழுந்தால் தாளத்தை அணைத்துவிட்டு பேடில் கையால் அடிப்பதே மேல். பொத்தான் தாளத்தைக் கேவலமாகவும் நினைக்க வேண்டாம். 1985-ல் காசியோ எம்டி-40 கீபோர்டில் தயாராக இருந்த ஒரு தாளத்திலிருந்துதான் தயாரிப்பாளர் கிங் ஜாமி ஜமைக்கா இசையையே கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினார்.

பாட்டு எழுதுபவர்களுக்கு ஒன்று. தமிழில் குறிலை இழுத்தால் அர்த்தம் போய்விடும். 'படம்' 'பாடம்' ஆகிவிடும். அதனால் மூன்றிலும் ஏழிலும் நெடில் விழும்படி வரியை வையுங்கள். 'பாலாறு காயுது' என்று ஒரு வரி. ஒன்றும் இரண்டும் சும்மா, மூன்றில் 'பா', நாலில் 'லா', ஆறில் 'று', ஏழில் 'கா', எட்டில் 'யுது'. பாடாமல் சொல்லிப் பார்த்தாலே தலை ஆடும். குறில் விழுந்தால் பாட்டுக்காரர் அதை இழுத்தே தீருவார், தடுக்க முடியாது.

ஜமைக்காவில் இசைத்தட்டு போடுகிறவரை செலக்டர் என்பார்கள். டீஜே என்பது அங்கே மைக்கில் தாளத்தின்மேல் பேசுகிறவர். நம்மூரில் அந்த வேலைக்குக் கூத்தில் ஆள் உண்டு, கட்டியங்காரன். ஊர்ச் செய்தியைக் கிண்டலாக உள்ளே நுழைப்பது, வந்தவரை வரவேற்பது, ஆட்டத்தை நிறுத்தித் திருப்பி ஓடவிடுவது, எல்லாம் அவர் வேலை. வட ஆற்காட்டில் ரெகே டீஜே தேடுகிறவர்கள் ராப் பாடும் பையன்களைவிட முதலில் கூத்து ஜமாவில் கேட்டுப்பார்ப்பது நல்லது.

மூன்றாம் நாள், ஆம்பூர், வாணியம்பாடி

தோல் ஊர்களுக்கு வந்துவிட்டுத் தோல் வாங்காமல் போகலாமா என்று தோன்றும். போகத்தான் வேண்டும். இங்கே குரோம் போட்டுப் பதனிடும் தோல் செருப்புக்கும் பைக்கும் ஆனது. நீலம் பாய்ந்து 'வெட் புளூ' ஆன தோல், காயும்போது இறுகாது, இழுத்தால் கொடுக்கும். அதை மேளத்துக்குக் கட்டினால் 'தொப்' என்றுதான் பேசும். மேளத்துக்கு வேண்டியது சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, பதனிடாமல் காயவைத்த பச்சைத் தோல். தொழிற்சாலைக்குள் போகுமுன் உள்ள கட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். நயபிங்கி மேளங்களுக்கு ஆட்டுத்தோல் போதும். கழுத்துப் பக்கம் தடிப்பு, வயிற்றுப் பக்கம் மெல்லிசு, அதனால் முதுகுப் பகுதி நடுவில் வரும்படி வெட்டுங்கள்.

வெறும் தண்ணீரில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஊறட்டும். சுடுதண்ணீர் கூடாது, தோல் சுருங்கி வெந்துவிடும். புளியங்கொட்டைப் பசை தடவி, எதிரெதிர் பக்கமாக இழுத்து ஒட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து இழுக்கும், மறுபக்கம் பசை விடும். பறைச் சட்டம் மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்தது. இழுப்பு சமமாக இல்லாவிட்டால் அந்த இணைப்பில்தான் முதலில் அசையும்.

ஆடித் தூறலில் தோல் இருபது நிமிடத்தில் தளரும். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவது தெரிந்த வேலைதான். செட்டோடு வாசிக்கும்போது ஒரு கூடுதல் கவனம்: காய்ச்சிய பறையின் சுருதி ஏறியிருக்கும்போது மைக் அளவு வைத்துவிட்டு, தளர்ந்தபின் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போனால் ஊளைச் சத்தம் வரும். ஏற்றாதீர்கள். பறையை மாற்றுங்கள், இரண்டாவது பறை எப்போதும் நெருப்பருகில் இருக்கட்டும்.

மத்தியானம் பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததே.

நாலாம் நாள், திரும்பவும் வேலூர்

நகருக்குள் ஏன் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு. மருத்துவமனை, பள்ளி, கோர்ட்டு இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் பேச்சே இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்திலிருந்து ஆறு. திறந்த வெளியில் இரவு பத்துக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. எழுத்து அனுமதி இல்லாமல் எந்த நேரத்திலும் கூடாது. ஆகவே குடியிருப்பிலிருந்து தள்ளிய நிலம், மாலை ஐந்திலிருந்து ஒன்பதே முக்கால்.

காவல் நிலையத்தில் மனு எழுதும்போது 'ரெகே' என்று எழுதினால், 'அது கஞ்சா பாட்டாச்சே' என்று ஒருவர் தலை நிமிர்வார். 1845-ல் இந்தியக் கூலிகளின் முதல் கப்பல் ஜமைக்கா போனது. அந்தச் செடியின் பேரும் அந்த ஜனங்களோடுதான் அங்கே போனது, அங்கிருந்து இங்கே வரவில்லை. இதையெல்லாம் அந்த மேசை முன் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். 'இசை நிகழ்ச்சி' என்று எழுதுங்கள். இடம், நேரம், பெட்டி எண்ணிக்கை, ஜெனரேட்டர் உண்டா, பொறுப்பாளர் யார், இவ்வளவு போதும்.

மழை. பெட்டிகள் தார்ப்பாயில்.

ஐந்தாம் நாள், ஆற்காடு, பாலாற்றங்கரைப் பக்கம்

நாலு ஸ்கூப், கீழே இரண்டு மேலே இரண்டு, அதன்மேல் நடுத்தர ஒலிக்கும் மேல் ஒலிக்கும் உள்ள பெட்டிகள். எல்லாம் ஒரே அடுக்கு. மேடைக்கு இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று கல்யாண வீட்டுப் பழக்கத்தில் பிரிக்காதீர்கள். பேஸ் பெட்டிகள் ஒட்டி நின்றால் ஒன்றையொன்று தாங்கும். ஒரு பெட்டியோடு இன்னொன்று சேர்ந்தால் 6 டெசிபல் வரை ஏறும். பிரித்து வைத்தால் நடுவில் ஒரு கோட்டில் இடிக்கும், நாலடி தள்ளினால் காணாமல் போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பத்தடி உயர அடுக்கு எம்மாத்திரம். ராட்செட் பெல்ட் இரண்டு, குறுக்கும் நெடுக்கும், கீழ்ப்பெட்டியோடு சேர்த்து. மணல் தரையில் அடியில் பலகை போடாமல் நிறுத்தினால் பேஸ் அதிர்விலேயே ஒரு மூலை இறங்கும்.

வயரை மாட்டுமுன் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஒன்றரை வோல்ட் பேட்டரியால் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் முன்னே வர வேண்டும். ஒன்று பின்னே போனால் அதன் வயர் தலைகீழ். அந்த ஒரு பெட்டி மற்றவற்றின் சத்தத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இன்று அப்படி ஒன்று அகப்பட்டது. வாடகைக்கு வந்த வயரில் யாரோ சாலிடர் பண்ணும்போது மாற்றி வைத்திருந்தார்கள்.

எட்டு ஓம் பெட்டி இரண்டு இணையாகப் போட்டால் நாலு ஓம், நாலு போட்டால் இரண்டு. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இரண்டு ஓம் என்று எழுதியிருந்தாலும் ஒரு சேனலுக்கு இரண்டு பெட்டியோடு நிறுத்துங்கள். சூடு குறையும், வயர் இழப்பும் குறையும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இருபது மீட்டர் போக வர 0.28 ஓம், நாலு ஓமுக்கு அது ஏழு சதவீதம், இரண்டு ஓமுக்குப் பதினாலு. ஆம்ப்ளிஃபயரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், நீளத்தை சிக்னல் வயரில் கொடுங்கள்.

ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் ஸ்கூப்புக்கு மேல் எல்லை 100 ஹெர்ட்ஸ். கீழ் எல்லை 35. இந்தக் கீழ் எல்லையை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். உள்பாதை தாங்கும் அளவுக்குக் கீழே போனால் கோனுக்குப் பிடிமானம் இல்லை, அது பாட்டுக்கு முன்னும் பின்னும் ஓடி, அதைப் பிடித்திருக்கும் ஸ்பைடர் கிழியும். இசைத்தட்டு போட்டால் ஊசியின் அதிர்வே அந்தக் கீழ் அலையைக் கிளப்பும். ஸ்பீக்கரின் கம்பிச்சுருளான காயில் எரிவதற்கு வேறு ஒரு காரணம்: சின்ன ஆம்ப்ளிஃபயரைச் சிவப்பு விளக்கு விடாமல் எரியும்வரை முறுக்குவது. 

மின்சாரத்துக்கு 15 கேவிஏ ஜெனரேட்டர். கணக்குப்படி பத்தே போதும், ஆனால் பேஸ் விழும் ஒவ்வொரு முறையும் விளக்கு மங்கினால் வோல்டேஜ் இறங்குகிறது என்று அர்த்தம், சத்தமும் அதோடு தளரும். மாட்டுமுன் மீட்டர் வைத்து ஃபேஸ் நியூட்ரல் 230-க்கு அருகில், நியூட்ரல் எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பக்கம் 400 வரை ஏறி மிக்சர், லேப்டாப் எல்லாம் ஒரே நொடியில் போகும். எர்த் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர். 'ம்ம்ம்' என்று ஹம்மிங் வந்தால் எர்த் பின்னை வெட்டுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. செய்யாதீர்கள், ஈர மணலில் வெறுங்காலோடு மைக் பிடிப்பவர் நிற்கிறார். லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே பலகையில் மாட்டுங்கள், ஹம்மிங் போகாவிட்டால் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்.

டப் இந்த இசையின் இன்னொரு பாதி. கிங் டபி, ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்த்த மனிதர், முடிந்த பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு, பேஸையும் மேளத்தையும் மட்டும் நிற்கவிட்டு, மிச்சத்தை எதிரொலியில் கரைத்தார். மிக்சரே வாத்தியம் ஆனது. நிமிடத்துக்கு 75 வேகப் பாட்டுக்கு எக்கோ 600 மில்லிசெகண்ட். இரண்டாம் நாள் போட்ட ஆதி தாளக் கணக்கில் ஒன்றரை எண்ணிக்கை. திரும்பல் அளவு பாதிக்குச் சற்று மேல். நூறு சதவீதத்தைத் தாண்டினால் எக்கோ தானாகவே வளர்ந்து கத்தும். விரல் அந்தக் குமிழ்மேலேயே இருக்கட்டும். எக்கோ திரும்பும் வழியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பேஸ் சேறாகிவிடும். பறையின் சிண்டுக்குச்சி அடி ஒன்றை மட்டும் எக்கோவுக்குள் தள்ளிவிட்டு உடனே மூடினால், அந்த ஒரு 'டிக்' நாலைந்து தடவை தேய்ந்துகொண்டே ஆற்றுப் பக்கம் போகும். கிட்டார் வெட்டைத் தள்ளுவதைவிட இது நன்றாக இருக்கிறது.

பேஸை முழுக்க நிறுத்தி எட்டுச் சுற்று காத்திருந்து திருப்பிவிடுவது செலக்டரின் பழைய வித்தை. எட்டு வேண்டும். நாலில் விட்டால் யாரும் கவனிப்பதில்லை, பதினாறு போனால் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு நிறுத்தம். முதலில் ஆம்ப்ளிஃபயர்கள் அணைய வேண்டும், பிறகு மிக்சர், கடைசியில் ஜெனரேட்டர். மாற்றிச் செய்தால் பெட்டி 'டொம்' என்று ஒன்று போடும், கோனுக்கு நல்லதில்லை. வயர் சுற்றும்போது முழங்கையில் சுற்றாமல் வட்டமாக. ஸ்கூப்பின் வாய்க்குள் மணல் போயிருக்கும். வண்டியில் ஏற்றுமுன் குப்புறச் சாய்த்து ஒரு தட்டு.